ஒரே ஜீன், இரண்டு கோளாறு... ஒன்றுக்கு மருந்து, இன்னொன்றுக்கு ஆபத்து! குழந்தைகளின் மூளைக்கட்டி சிகிச்சையில் என்ன மாறியிருக்கிறது?

ஐந்து வயதில் இரண்டு குழந்தைகள் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் மூளையில் கட்டி. எம்.ஆர்.ஐ. படத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரிகின்றன. பயாப்ஸி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்த டாக்டரும் இரண்டு ரிப்போர்ட்டிலும் ஒரே பெயரைத்தான் எழுதுகிறார். கோளாறு இருப்பதும் ஒரே ஜீனில்தான். ஆனாலும், முதல் குழந்தையின் கட்டியைச் சுருக்கிய மாத்திரையை இரண்டாவது குழந்தைக்குக் கொடுத்தால், கட்டி சுருங்குவதற்குப் பதிலாக வேகம் பிடித்து வளரலாம்.

எப்படி? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால், குழந்தைகளின் மூளைக்கட்டி சிகிச்சையில் கடந்த 15 ஆண்டுகளில் நடந்திருக்கும் மாற்றம் பாதி புரிந்துவிடும்.

முதலில் ஒரு விஷயம்... இது யாருடைய தப்பும் இல்லை

குழந்தைகளுக்கு வரும் கேன்சரில் ரத்தப் புற்றுநோய்க்கு அடுத்த இடம் மூளைக்கட்டிகளுக்குத்தான். "நாங்க என்ன தப்பு பண்ணினோம்? சாப்பாடா, செல்போனா?" என்பதுதான் பெற்றோர் பலரின் முதல் கேள்வி.

பெரியவர்களின் கேன்சர் பெரும்பாலும் பழைய வீடு மாதிரி. பல வருஷமாக அங்கங்கே விரிசல் விட்டு, ஒருநாள் இடிகிறது. அந்த செல்களைச் சோதித்தால் ஏகப்பட்ட மரபணுப் பிறழ்வுகள் இருக்கும். குழந்தைகளின் கட்டி அப்படியல்ல. மூளை வளர்ந்துகொண்டிருக்கும்போது, ஏதோ ஒரு செல்லில் தற்செயலாக ஒரு எழுத்து மாறிவிடுகிறது. பல கட்டிகளில் கணக்குப் பார்த்தால் முக்கியமான கோளாறு ஒன்றோ இரண்டோதான் தேறும். சில குடும்பங்களில் பரம்பரையாக வரும் ஜீன் கோளாறு காரணமாக இருப்பதுண்டு. ஆனால், அவர்கள் எண்ணிக்கையில் குறைவு.

கோளாறு குறைவு என்பதில் ஒரு சாதகமும் இருக்கிறது. 20 இடத்தில் பழுதான வண்டியைவிட, ஒரே இடத்தில் பழுதான வண்டியைச் சரிசெய்வது சுலபம். எந்த இடம் என்று கண்டுபிடித்துவிட்டால்!

சுவிட்ச் மாட்டிக்கொண்டால்...

மறுபடியும் அந்த இரண்டு குழந்தைகள். அவர்களுக்கு வந்திருப்பது 'லோ கிரேடு கிளையோமா'. குழந்தைகளின் மூளைக்கட்டிகளில் அதிகம் பார்க்கப்படும் வகை. மெதுவாக வளரும், உயிரை எடுப்பது அபூர்வம். அறுவை சிகிச்சையில் முழுதாக எடுக்க முடிந்தால் பெரும்பாலும் அத்தோடு தொல்லை விட்டது. எடுக்க முடியாத இடத்தில், உதாரணமாகப் பார்வை நரம்பில் வந்துவிட்டால்தான் சிக்கல். கட்டி கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வையைப் பறிக்கும்.

இந்தக் கட்டிகள் பலவற்றில் குற்றவாளி 'பி-ராஃப்' என்ற ஜீன். செல்லுக்கு வெளியிலிருந்து "வளரு" என்ற உத்தரவு வந்தால், அதை உள்ளே கடத்துவது இதன் வேலை. உத்தரவு வந்தால் ஆன், இல்லையென்றால் ஆஃப். ஒரு சுவிட்ச் மாதிரி.

முதல் குழந்தையின் கட்டியில் இந்த ஜீன் தயாரிக்கும் புரதத்தின் 600-வது இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கிறது. 'வி600இ' என்று இதற்குப் பெயர். சுவிட்ச் ஆன் நிலையிலேயே மாட்டிக்கொண்டது. தனியாக நின்றே "வளரு, வளரு" என்று கத்திக்கொண்டிருக்கும்.

இரண்டாவது குழந்தையின் கட்டியில் எழுத்து எதுவும் மாறவில்லை. பி-ராஃப் ஜீன் உடைந்து, அதன் ஒரு துண்டு வேறொரு ஜீனோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. டாக்டர்கள் இதை 'ஃப்யூஷன்' என்கிறார்கள். 2008-ல் கண்டறியப்பட்ட இந்த ஃப்யூஷன், 'பைலோசைடிக் ஆஸ்ட்ரோசைடோமா' என்ற கட்டியில் மிக அதிகம். இந்தப் புரதம் தனியாக வேலை செய்யாது. இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்துதான் கத்தும்.

இந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் எல்லாமே இருக்கிறது. முதல் தலைமுறை பி-ராஃப் மருந்துகள் வி600இ-ஐ வாயடைக்கச் செய்தவை. ஆனால் ஜோடியாக இருக்கும் புரதத்தில் ஒன்றை மட்டும் இவை பிடித்தால், மற்றொன்று முன்பைவிட உக்கிரமாக வேலை செய்ய ஆரம்பிக்கிறது. இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாட்டின் மூக்கணாங்கயிற்றை மட்டும் இழுத்துப் பிடித்தால், அடுத்த மாடு மிரண்டு ஓடுமே, அதுபோல!

இது ஆய்வகக் கணக்கு மட்டுமல்ல. 'சோராஃபெனிப்' என்ற மருந்தை லோ கிரேடு கிளையோமா உள்ள குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஒரு ஆய்வின் முடிவு 2014-ல் வெளியானது. 11 பேரில் 9 பேருக்குக் கட்டி வளர்ந்தது. அதுவும் எதிர்பார்த்ததைவிட வேகமாக. ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். நல்ல எண்ணத்தில் கொடுத்த மருந்துதான். எந்த வகைக் கோளாறு என்று பார்க்காமல் மருந்தைத் தொடக் கூடாது என்பதை இந்தத் துறை கற்றுக்கொண்டது இப்படித்தான்.

இப்போது என்ன மருந்து இருக்கிறது?

வி600இ உள்ள குழந்தைகளுக்கு 'டாப்ராஃபெனிப்', 'ட்ராமெடினிப்' என்று இரண்டு மருந்துகளைச் சேர்த்துத் தருகிறார்கள். முதலாவது பி-ராஃபை அடக்கும். இரண்டாவது அதே பாதையில் அடுத்த படியில் இருக்கும் 'மெக்' என்ற புரதத்தைத் தடுக்கும். 110 குழந்தைகளிடம் இதை வழக்கமான கீமோதெரபியோடு நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். கீமோவில் கட்டி கணிசமாகச் சுருங்கியது 11 சதவீதம் பேருக்கு. புதிய ஜோடியில் 47 சதவீதம் பேருக்கு. கட்டி மறுபடி வளராமல் இருந்த காலம் சராசரியாக கீமோவில் 7.4 மாதம், இதில் 20.1 மாதம். கடுமையான பக்கவிளைவுகளும் கீமோவில் பாதிக்கப்பட்டவர்களில் பாதிப் பேருக்குத்தான் வந்தன. 2023 மார்ச்சில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ., ஒரு வயது முதல் குழந்தைகளுக்கு இதை அனுமதித்தது. சின்னக் குழந்தைகள் மாத்திரை விழுங்க மாட்டார்களே என்பதற்காகத் தண்ணீரில் கலந்து கொடுக்கும் வடிவத்திலும் வந்தது. ட்ரிப்ஸ் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடக்காமல், வீட்டிலேயே மருந்து. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று பெற்றோருக்குத் தெரியும்.

ஃப்யூஷன் உள்ளவர்களுக்கு? ஜோடியாக இருக்கும் பி-ராஃபையும் அடக்கக்கூடிய 'டோவோராஃபெனிப்' என்ற மருந்து வந்திருக்கிறது. வாரம் ஒருமுறை எடுத்தால் போதும். வேறு சிகிச்சைக்குக் கட்டுப்படாத கட்டிகளுக்கு 2024 ஏப்ரலில் எஃப்.டி.ஏ. துரித ஒப்புதல் கொடுத்தது. ஆய்வில் பாதிப் பேருக்குக் கட்டி சுருங்கியது. இதன் பக்கவிளைவுகளில் ஒன்று கொஞ்சம் விசித்திரமானது: முடியின் நிறம் வெளுக்கும். அதைவிடக் கவனிக்க வேண்டியது, குழந்தையின் உயர வளர்ச்சி குறைவது. அதனால் அளந்து அளந்துதான் கொடுக்கிறார்கள்.

'அப்படியானால் பிரச்சினை முடிந்ததா' என்றால், இல்லை. இந்த மருந்துகள் சுவிட்சை அழுத்திப் பிடித்து வைக்கின்றன, சுவிட்சைச் சரிசெய்வதில்லை. கையை எடுத்தால் சில குழந்தைகளுக்குக் கட்டி திரும்ப வளர்கிறது. மறுபடி ஆரம்பித்தால் பலருக்கு மீண்டும் அடங்கவும் செய்கிறது. எத்தனை வருஷம் கொடுப்பது, எப்போது நிறுத்துவது என்பது இன்னும் தீராத கேள்வி. ஒரு வயதில் ஆரம்பித்த மாத்திரையை 15 வயது வரை கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்க்க, இந்த மருந்துகளுக்கே இன்னும் அவ்வளவு வயசாகவில்லை.

ஒரு பெயர், நான்கு நோய்கள்

சிறுமூளைப் பகுதியில் வரும் 'மெடுலோபிளாஸ்டோமா' வேறு ரகம். இது வேகமாக வளரும், தண்டுவடத்துக்குள் பரவும். அறுவை சிகிச்சை, பிறகு மூளை முழுக்கவும் தண்டுவடம் முழுக்கவும் ரேடியேஷன், பிறகு கீமோ என்பதுதான் வழக்கம். இதனால் நிறைய குழந்தைகள் பிழைக்கிறார்கள். ஆனால், பிழைத்ததற்குக் கொடுக்கும் விலை பெரிது. வளரும் மூளையில் படும் கதிர்வீச்சு, படிப்பையும் ஞாபக சக்தியையும் பாதிக்கிறது. ஹார்மோன் குறைகிறது, உயரம் நின்றுபோகிறது. சில மருந்துகளால் காது கேட்பதும் குறைகிறது.

இங்கேதான் மரபணுச் சோதனை வேறு விதத்தில் உதவுகிறது. ஒரே நோய் என்று நினைத்த மெடுலோபிளாஸ்டோமா, உள்ளே பார்த்தால் நான்கு வெவ்வேறு நோய்கள் என்று 2012-ல் உலக அளவில் நிபுணர்கள் ஒத்துக்கொண்டார்கள். 2016-ல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டிலும் ஏறியது. 'விண்ட்', 'சோனிக் ஹெட்ஜ்ஹாக்', குரூப் 3, குரூப் 4. (ஆமாம், வீடியோ கேமில் ஓடுமே அந்த நீலநிற முள்ளெலிதான்! ஜீனைக் கண்டுபிடித்தவர்கள் அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். கேன்சர் வார்டில் ஒரு அம்மாவிடம் இந்தப் பெயரைச் சொல்ல வேண்டிய டாக்டரின் சங்கடத்தை யோசித்துப் பாருங்கள்.)

மைக்ரோஸ்கோப்பில் நான்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். முடிவு மட்டும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். விண்ட் வகையில், வழக்கமான சிகிச்சை பெற்ற குழந்தைகளில் 90 சதவீதத்துக்கும் மேல் பிழைக்கிறார்கள். அந்தக் கட்டியின் ரத்தக்குழாய்கள் கசிவு உள்ளவை. மூளைக்குள் மருந்தை நுழைய விடாமல் தடுக்கும் வேலி அங்கே ஓட்டையாக இருக்கிறது. அதனால் கீமோ மருந்து நன்றாக உள்ளே இறங்குகிறது. குரூப் 3-லோ, குறிப்பிட்ட சில ஜீன் மாற்றங்கள் இருந்தால் அதே சிகிச்சை கொடுத்தும் பலரைக் காப்பாற்ற முடிவதில்லை.

இவ்வளவு நன்றாகக் குணமாகும் விண்ட் குழந்தைகளுக்கு, அவ்வளவு ரேடியேஷன் எதற்கு? இந்தத் துணிச்சலான கேள்வியைக் கேட்ட இடங்களில் ஒன்று மும்பை டாடா மெமோரியல் சென்டர். மூளை, தண்டுவடம் முழுக்கக் கொடுக்கும் ரேடியேஷனைத் தவிர்த்துவிட்டு, கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் கொடுத்து, கூடவே கீமோ கொடுத்துப் பார்த்தார்கள். சில குழந்தைகளுக்கு, ரேடியேஷன் படாத இடங்களில் கட்டி திரும்ப வந்தது. எந்த நிலை வந்தால் ஆய்வை நிறுத்த வேண்டும் என்று முன்கூட்டியே விதி எழுதி வைத்திருந்தார்கள். அதன்படி உடனே நிறுத்தினார்கள்.

தோல்வி என்று இதைத் தள்ளிவிட முடியாது. 'பூஜ்யம் வேண்டாம், குறைக்கலாமா?' என்று கேள்வி இப்போது திருத்தப்பட்டிருக்கிறது. வழக்கமான 23.4 கிரே அளவுக்குப் பதில் 18 கிரே போதுமா என்று ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் ஆய்வுகள் நடக்கின்றன. காதில் விழும்போது சின்ன எண்தான். ஆறேழு வயதுப் பிள்ளையின் மூளைக்கு அது சின்னது அல்ல.

சோனிக் ஹெட்ஜ்ஹாக் வகைக்குக் குறிவைக்கும் மருந்தும் இருக்கிறது, 'விஸ்மோடெகிப்'. ஆனால், சமிக்ஞைப் பாதையின் மேல்பகுதியில் கோளாறு இருந்தால்தான் அது வேலை செய்யும். கீழ்ப்பகுதியில் கோளாறு என்றால் பலனில்லை. போஸ்ட்டிலிருந்து கொக்கி போட்டு கரண்ட் எடுத்த வீட்டில் மெயின் சுவிட்சை அணைத்து என்ன பயன்? இன்னொரு பெரிய தடை: எலும்புகள் வளர அதே சமிக்ஞை தேவை. சிறு குழந்தைகளுக்கு இந்த மருந்தைக் கொடுத்தபோது எலும்பு நுனியில் இருக்கும் வளர்ச்சித் தட்டுகள் நிரந்தரமாக மூடிக்கொண்டன. அதனால், எலும்பு வளர்ச்சி முடிந்தவர்களுக்குத்தான் பொதுவாக இதை யோசிக்கிறார்கள். பெரியவர்களுக்கு நல்ல மருந்து, குழந்தைக்கும் நல்ல மருந்து ஆகிவிடாது.

60 வருஷம் நகராத கட்டி

நிலவில் கால் வைப்பதற்கு ஏழு வருஷம் முன்பு, 1962 ஜனவரியில், நீல் ஆம்ஸ்ட்ராங்கின் மகள் கேரன் மூளைத்தண்டுக் கட்டியால் இறந்தாள். மூன்று வயதுகூட நிரம்பவில்லை. அவளுக்குக் கொடுத்த சிகிச்சை ரேடியேஷன். இன்றைக்கும் இந்தக் கட்டிக்கு, அதாவது டி.ஐ.பி.ஜி.க்கு, முதல் சிகிச்சை ரேடியேஷன்தான். மூச்சு, விழுங்குதல், கண் அசைவு எல்லாவற்றையும் நடத்தும் இடத்தில், நரம்புகளுக்கு நடுவே மணலில் தண்ணீர் இறங்கியதுபோல் பரவியிருக்கும். கத்தி வைக்கவே முடியாது. கண்டுபிடித்ததிலிருந்து பெரும்பாலான குழந்தைகள் வாழ்வது ஒரு வருஷத்தை ஒட்டிய காலம்தான்.

இதில் ஏன் இத்தனை காலம் எதுவும் நகரவில்லை? ஒரு காரணம் ரொம்ப எளிமையானது. ஆபத்து என்று பயந்து பல பத்தாண்டுகள் பெரும்பாலும் பயாப்ஸிகூட எடுக்கவில்லை. எம்.ஆர்.ஐ. பார்த்தே முடிவு செய்தார்கள். திசுவே கையில் இல்லாமல் எதை ஆராய்வது? இதை மாற்றியதில் பெற்றோரின் பங்கு பெரியது. குழந்தை இறந்த பிறகு, அந்தத் துக்கத்திலும், கட்டித் திசுவை ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் சம்மதித்தார்கள். அப்படிக் கிடைத்த செல்களை ஆய்வகத்தில் வளர்த்தவர்களில் ஒருவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டாக்டர் மிஷெல் மோன்ஜே.

2012-ல் விடை கிடைத்தது. நம் டி.என்.ஏ. நூல் என்றால், அது சுற்றி வைக்கப்பட்டிருக்கும் கண்டுதான் 'ஹிஸ்டோன்'. டி.ஐ.பி.ஜி. கட்டிகளில் பெரும்பாலானவற்றில் இந்த ஹிஸ்டோனின் 27-வது இடத்தில் ஒரு மாற்றம். 'எச்3 கே27எம்' என்று பெயர். இறுக்கமாகச் சுற்றி மூடி வைக்க வேண்டிய ஜீன்கள் இதனால் அவிழ்ந்துகொள்கின்றன. கரு வளரும்போது மட்டும் திறந்திருக்க வேண்டியவை, மூடாமலே கிடக்கின்றன.

இந்த மாற்றம் உள்ள கட்டிகளுக்கென்றே ஒரு மருந்து, 'டோர்டாவிப்ரோன்', 2025 ஆகஸ்டில் எஃப்.டி.ஏ.யின் துரித ஒப்புதலைப் பெற்றது. கணக்கில் எடுத்துக்கொண்ட 50 பேரில் 22 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்கியது. துரித ஒப்புதல் என்றால், ஆயுள் நீள்கிறதா என்பதை அடுத்த ஆய்வில் நிரூபித்தாக வேண்டும் என்று பொருள். குணமாக்கும் மருந்து என்று தலைப்புப் போட்டு வாட்ஸ்அப்பில் வந்தால் நம்ப வேண்டாம்.

என்னைக் கேட்டால், இதைவிட ஆவலோடு கவனிக்க வேண்டியது மோன்ஜே குழுவின் இன்னொரு முயற்சி. இந்தக் கட்டி செல்களின் மேல் 'ஜிடி2' என்ற மூலக்கூறு அடர்த்தியாக இருப்பதைக் கண்டார்கள். நோயாளியின் ரத்தத்திலிருந்தே டி செல்களை எடுத்து, ஜிடி2-ஐத் தேடித் தாக்கும்படி மாற்றி, திரும்பச் செலுத்தினார்கள். இதுதான் 'கார்-டி' சிகிச்சை. குழந்தைகளும் இளைஞர்களுமாக 11 பேருக்குக் கொடுத்த முடிவு 2024 நவம்பரில் 'நேச்சர்' இதழில் வந்தது. 4 பேருக்குக் கட்டி பாதிக்கும் மேல் சுருங்கியது. அதில் ஒருவருக்குக் கட்டி முழுதாகவே மறைந்து, 30 மாதம் தாண்டியும் திரும்பவில்லை. மூளைத்தண்டில் வீக்கம் வந்தால் உயிருக்கே ஆபத்து என்பதால், ஒவ்வொருவரையும் ஆஸ்பத்திரியில் வைத்துக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டு செய்த சிகிச்சை இது. 11 பேர் என்பது ரொம்பச் சின்ன எண்ணிக்கை. ஆனால், 60 வருஷமாகப் பூஜ்யத்திலேயே நின்ற இடம் அது.

பேச்சை வைத்து ஊரைக் கண்டுபிடிப்பது

சரி, எந்தக் கோளாறு என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? டி.என்.ஏ.வில் அங்கங்கே ஒட்டியிருக்கும் 'மெத்தில்' குறிகளைப் படிக்கும் முறை ஒன்று உண்டு. சென்னையில் 30 வருஷம் இருந்தாலும், திருநெல்வேலிக்காரர் வாயைத் திறந்தால் ஊர் தெரிந்துவிடும் இல்லையா? அதுபோல, எந்த செல்லிலிருந்து கட்டி கிளம்பியது என்பதை இந்தக் குறிகள் காட்டிக்கொடுக்கும். 2018-ல் ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் குழு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டிகளை இப்படிச் சோதித்தது. 100-க்கு சுமார் 12 பேருக்கு, மைக்ரோஸ்கோப்பில் சொன்ன நோயின் பெயரே மாறியது. பெயர் மாறினால் சிகிச்சையும் மாறும்.

இந்த மெத்திலேஷன் சோதனை எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை, செலவும் அதிகம். ஆனால், எல்லாக் கேள்விக்கும் அது தேவைப்படாது. வி600இ இருக்கிறதா, எச்3 கே27எம் இருக்கிறதா, விண்ட் வகையா என்பதையெல்லாம் ஸ்லைடில் ஆன்டிபாடி கொண்டு சாயமேற்றிப் பார்க்கும் சோதனையிலேயே பெரும்பாலும் சொல்லிவிடலாம். 'ஐ.எச்.சி.' என்று ரிப்போர்ட்டில் இருக்கும். பெத்தாலஜி லேப்களில் வழக்கமாகச் செய்யும் வேலை, செலவும் ஒப்பீட்டளவில் குறைவு. ஃப்யூஷனுக்கு மட்டும் தனியான சோதனை வேண்டும்.

குறிவைக்கும் மருந்துகளின் விலை நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாத உயரத்தில்தான் இன்னும் இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால், சோதனையின் பலன் விலை உயர்ந்த மருந்து வாங்குபவர்களுக்கு மட்டும் என்பது சரியல்ல. இது விண்ட் என்று தெரிந்தால் சிகிச்சை அளவை யோசிக்கலாம். இது ஃப்யூஷன் என்று தெரிந்தால் தவறான மருந்தைத் தவிர்க்கலாம். இரண்டுக்கும் புது மருந்து வாங்க வேண்டியதில்லை.

வீட்டிலோ தெரிந்தவர்களிடமோ இப்படி ஒரு சூழ்நிலை வந்தால், அறுவை சிகிச்சைக்கு முன்பே டாக்டரிடம் கேட்க வேண்டியது: "மாலிக்யூலர் டெஸ்ட் பண்ணுவீங்களா, எதெது பண்ணுவீங்க?" எடுத்த திசுவை மெழுகில் பதித்து வைப்பார்கள், 'பிளாக்' என்று சொல்வார்கள். தீப்பெட்டியைவிடச் சின்னதாக இருக்கும். வேறு ஆஸ்பத்திரிக்கு மாறும்போது ஸ்கேன் படம், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் வாங்கிக்கொண்டு, இதைக் கேட்க மறந்துவிடுவார்கள். பல வருஷம் கழித்துக்கூட அந்த மெழுகுக்குள் இருக்கும் டி.என்.ஏ.வைச் சோதிக்க முடியும். இன்று மருந்து இல்லாத ஒரு கோளாறுக்கு, மூன்று வருஷம் கழித்து மருந்து வரலாம். அப்போது முதலில் கேட்கப்போவது அந்த பிளாக்கைத்தான்.